பலூன் விற்றவர் செய்த டயர்: கே.எம். மம்மன் மாப்பிள்ளையின் கதை



உங்களில் சிலர் பாஜா டீமில் இருப்பீங்க. சிலர் சொந்த ஜீப்பையோ, அப்பாவோட பழைய வண்டியையோ பச்சைமலை ஏற்றத்துக்குத் தயார் பண்ணிட்டு இருப்பீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே கேள்விதான் வரும்: எந்த டயர் போடறது, எந்த வீல் போடறது? உடனே போனை எடுத்து, எவனோ எந்த ஊர்லயோ பாறை மேல ஏத்தின வண்டியோட வீடியோவைப் பார்த்து, அதே டயரைத் தேட ஆரம்பிச்சிடுவோம்.

கொஞ்சம் நில்லுங்க. தேடறதுக்கு முன்னாடி ஒருத்தரோட வாழ்க்கையைப் படிச்சிடலாம். அவர் 2003-ல் காலமானார். இதைப் படிக்கிற பெரும்பாலானவங்க அப்போ பிறந்தே இருக்க மாட்டீங்க. ஆனா அவர் ஆரம்பிச்ச கம்பெனியோட பெயரைச் சின்ன வயசுலயே சச்சின் மட்டையில் பார்த்திருப்பீங்க. வாலிகண்டபுரத்தில் பஸ் ஏறி, பெரம்பலூரைத் தாண்டித் திருச்சிப் பக்கம் போனா, நாரணமங்கலத்தில் அந்தக் கம்பெனியோட பெரிய தொழிற்சாலையே இருக்கு. எம்.ஆர்.எஃப். விரிச்சு எழுதினா மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. அதைத் தொடங்கியவர் கே.எம். மம்மன் மாப்பிள்ளை.

பதினைந்து வயதில் தரைமட்டம்

1922 நவம்பர் 28-ல் பிறந்தவர். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா கே.சி. மம்மன் மாப்பிள்ளை சாதாரண ஆள் இல்லை. மலையாள மனோரமா பத்திரிகையின் ஆசிரியர், பெரிய வங்கி ஒன்றின் தலைமையில் இருந்தவர். வீட்டில் எட்டு ஆண் பிள்ளைகள். நம்ம ஆள் அதில் கடைக்குட்டி.

இப்படிப்பட்ட வீட்டுப் பையன் எதுக்குத் தொழிலுக்குக் கஷ்டப்பட்டார்னு கேட்கிறீங்களா? அங்கேதான் கதையே ஆரம்பிக்குது. அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர். சமஸ்தான அரசுக்கும் மனோரமாவுக்கும் பகை முற்றியது. 1938-ல் வங்கி கவிழ்ந்தது. அதே வருஷம் மனோரமா அலுவலகத்துக்குப் பூட்டு போட்டு சீல் வைத்தார்கள். அப்பா சிறைக்குப் போனார். வங்கியும் இல்லை, பத்திரிகையும் இல்லை. மனோரமா மறுபடி வெளிவர 1947 வரை காத்திருக்க வேண்டியதாச்சு.

பதினைந்து வயசுப் பையனுக்கு இது என்ன செய்யும்னு யோசிச்சுப் பாருங்க. நேற்று வரைக்கும் ஊரே கும்பிட்ட அப்பா, இன்றைக்குக் கைதி. பின்னால் தாம்பரத்தில் இருக்கிற சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தபோது, விடுதியில் தரையில் படுத்துத் தூங்கிப் படிப்பை முடித்தார் என்று சொல்வார்கள். ஹாஸ்டல் மெத்தை சரியில்லைன்னு நாம புகார் எழுதற நேரத்துல இதையும் நினைச்சுக்கலாம்.

திருவொற்றியூர் கொட்டகை

1946. இருபத்து மூணு, இருபத்து நாலு வயசு. கல்யாணமும் ஆகிவிட்டது. மனைவி பெயர் குஞ்ஞம்மா. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகை. அங்கே பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. பலூன் செய்யும் முறை எளிமையானது: அச்சை ரப்பர் பாலில் முக்கி எடுத்து, காய வைத்து, உரித்து எடுப்பது. எளிமைதான், ஆனால் கை வேலை அதிகம். செய்தவரும் அவர்தான், பையில் போட்டுத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றவரும் அவர்தான்.

பத்திரிகை முதலாளியின் மகன் சென்னைத் தெருவில் பலூன் விற்கிறார். சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு பொறியியல் மாணவரின் கண்ணோடு பார்த்தால், அந்தக் கொட்டகைதான் அவருடைய முதல் லேப். ரப்பர் எந்தச் சூட்டில் இளகும், எந்தச் சூட்டில் இறுகும், எவ்வளவு இழுத்தால் கிழியும் என்பதெல்லாம் கைக்குப் பழகிப்போன இடம் அது.

1949-ல் தம்புச் செட்டித் தெருவில் ஒரு அலுவலகம் வந்தது. பலூனோடு கையுறை, ரப்பர் பொம்மை என்று சரக்கு கூடியது. ஆனால் பலூன் ஒரு திருவிழாச் சரக்கு. இன்றைக்கு வாங்கினவன் நாளைக்கே வாங்குவான் என்று சொல்ல முடியாது. திரும்பத் திரும்பத் தேவைப்படும் ஒன்று வேண்டும்.

மொட்டை டயருக்கு மறுவாழ்வு

அந்த ஒன்று 1952-ல் கிடைத்தது. உறவினர் ஒருவர் டயர் ரீட்ரெடிங் பட்டறை வைத்திருந்தார். மொட்டையாகிப்போன லாரி டயரின் மேல்பகுதியை ராவி எடுத்துவிட்டு, புது ரப்பர் பட்டையை ஒட்டி, சூட்டில் வேக வைத்தால் டயருக்கு மறுபடி உயிர் வரும். புது டயர் வாங்கும் செலவில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். அந்தப் பட்டைக்குப் பெயர் ட்ரெட் ரப்பர். அதை அப்போது விற்றுக்கொண்டிருந்தது வெளிநாட்டுக் கம்பெனி. ரப்பர் மரம் நம்ம ஊர்ல, லாரி நம்ம ஊர்ல, தேய்வது நம்ம ரோட்டுல. பட்டை மட்டும் அவங்ககிட்ட இருந்து!

மம்மன் மாப்பிள்ளை பலூனில் கிடைத்த காசைப் போட்டு ட்ரெட் ரப்பரில் இறங்கினார். 1956 முடிவதற்குள் இந்தியாவின் ட்ரெட் ரப்பர் சந்தையில் பாதி அவர் கையில். எதிரில் நின்ற பன்னாட்டுக் கம்பெனிகள் அந்தத் தொழிலை விட்டே விலகின.

ஒரு விஷயத்தை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். ட்ரெட் ரப்பர் விற்றவருக்கு நாட்டில் ஓடிய டயர் எல்லாம் தேய்ந்துபோன பிறகு பார்க்கக் கிடைத்தன. புது டயரைப் பார்த்தால் அது எப்படி இருக்க வேண்டும் என்று செய்தவன் நினைத்தது தெரியும். தேய்ந்த டயரைப் பார்த்தால் ரோடு என்ன செய்தது என்பது தெரியும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ரெண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, இல்லைன்னா சுமை அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் சரியில்லை. பக்கச் சுவரில் வெட்டு இருந்தால் கல் பாதை. உங்க வண்டியில இப்போ இருக்கிற பழைய டயரைக் கழற்றி ஒரு மணி நேரம் பாருங்க. புது டயரைத் தேர்ந்தெடுக்கத் தேவையான பாதித் தகவல் அதிலேயே இருக்கு.

கடன் வாங்கிய நுட்பம், கரடுமுரடான ரோடு

அடுத்த ஆசை இயல்பானது. பட்டை போடுவது எதற்கு, டயரையே செய்தால் என்ன? அப்போது இந்திய டயர் சந்தையில் டன்லப், ஃபயர்ஸ்டோன் மாதிரி வெளிநாட்டுப் பெயர்கள்தான் ராஜா. 1960-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்ட் டயர் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். 1961-ல் திருவொற்றியூரில் டயர் உருள ஆரம்பித்தது.

பிரச்சினையும் கூடவே உருண்டு வந்தது. அமெரிக்காவில் இருந்து வந்த நுட்பம் இந்திய ரோட்டுக்குப் பொருந்தவில்லை.

ஏன்? இதை நாம் புரிந்துகொள்வது முக்கியம், ஏன்னா நம்ம டயர் கேள்விக்கான விடை இதுலதான் இருக்கு. டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி மறுபடி விரிகிறது. நசுங்கி விரியும்போது உள்ளே சூடு பிறக்கும். சுமை கூடினால் நசுங்கல் கூடும், சூடும் கூடும். ரப்பரின் ஊடே சூடு சீக்கிரம் வெளியேறாது. சூடு ஏற ஏற, அடுக்குகளை ஒட்டி வைத்திருக்கும் பிடி தளரும். சீரான ரோடு, அளவான சுமை, மிதமான வெயில் என்று கணக்குப் போட்டுச் செய்த டயரை, அனுமதித்த அளவுக்கு மேல் பாரம் ஏற்றி, ஜல்லி பெயர்ந்த ரோட்டில், மே மாத வெயிலில் ஓட்டினால் என்ன ஆகும்? நல்ல டயர்தான். ஆனால் வேற ஊருக்கான டயர்.

இந்தியனுக்கு டயர் செய்ய வராது என்று பேசுவதற்குப் போட்டியாளர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. மம்மன் மாப்பிள்ளைக்கு முன்னால் ரெண்டு வழி இருந்தது. வாங்கின நுட்பத்தைக் குறை சொல்லிக்கொண்டு அப்படியே ஓட்டலாம். இல்லையென்றால் நம்ம ரோட்டை முதலில் படித்து, அதற்கு ஏற்ற மாதிரி டயரை மாற்றலாம். பதினைந்து வயதில் எல்லாம் இழந்தவர், நாற்பது வயதில் மறுபடி இழக்கும் நிலையில் நின்றார். ரெண்டாவது வழியில் போனார். சொந்தமாக ஆராய்ச்சி, சொந்த ரப்பர்க் கலவை, இந்தியச் சுமைக்கு ஏற்ற கட்டுமானம்.

விற்பனையிலும் அதே பழக்கம்தான். 1964-ல் பிறந்தது அந்த டயரைத் தூக்கி நிற்கும் பலசாலி உருவம். அதை உருவாக்கிய விளம்பரக்காரர் அலிக் பதம்சி, முதலில் லாரி டிரைவர்களிடம் பேசினார். டயர் என்றால் அவர்களுக்குத் தோன்றியது அழகு இல்லை, வலு. அதைத்தான் படமாக்கினார்.

1967-ல் எம்.ஆர்.எஃப். டயர் அமெரிக்காவுக்கே ஏற்றுமதியானது. நுட்பம் கொடுத்த நாட்டுக்கே சரக்கு. இந்தியாவில் இருந்து அப்படிப் போன முதல் கம்பெனி அதுதான். 1973-ல் கார்களுக்கு நைலான் டயர். நைலான் இழைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: ராத்திரி நிறுத்தி வைத்தால் அடிப்பக்கம் லேசாகத் தட்டையாகி, காலையில் முதல் சில கிலோமீட்டர் தடதடக்கும். ஆனால் குழியில் விழுந்தாலும் அறுந்து போகாத வலு அதற்கு இருந்தது. நம்ம ரோட்டுக்கு எது முக்கியம் என்று முடிவு செய்தால், எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

1978-ல் வந்தது சூப்பர்லக்-78 என்ற லாரி டயர். நாட்டிலேயே அதிகம் விற்ற லாரி டயர்களில் முதலிடத்துக்கு அது போனது. அடுத்த ஆண்டு மான்ஸ்ஃபீல்ட் தன் பங்கை விற்றுவிட்டு வெளியேற, கம்பெனியின் பெயர் எம்.ஆர்.எஃப். லிமிடெட் ஆனது.

லக் என்றால் என்ன?

இந்தச் சூப்பர்லக் பெயரில் இருக்கிற லக் அதிர்ஷ்டம் இல்லைங்க. டயரின் மேல் குறுக்கே ஓடும் தடித்த ரப்பர்க் கட்டை. சாலையில் நிற்கும் எந்தப் பழைய லாரியையும் பாருங்க. முன் சக்கரத்தில் பெரும்பாலும் நீளவாக்கில் கோடு போட்ட மாதிரி டயர் இருக்கும். அது ரிப் டயர். பக்கவாட்டில் வழுக்காது, ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். பின் சக்கரத்தில் குறுக்குக் கட்டை போட்ட லக் டயர் இருக்கும். தரையைப் பிடித்துத் தள்ளுவது அதன் வேலை. ஒரே வண்டி, ரெண்டு வேலை, ரெண்டு டயர்.

இதை நம்ம வாலிகண்டபுரத்துக்குக் கொண்டு வருவோம். வாலீஸ்வரர் கோயில் பக்கம் இருந்து ரஞ்சன்குடி கோட்டைப் பக்கம் நெடுஞ்சாலையில் போனால் தார் ரோடு. காட்டுப் பாதையில் இறங்கினால் கரிசல். கோடையில் கல் மாதிரி கெட்டி, மழை பெய்தால் பசை. இன்னொரு பக்கம் கல் குவாரி. அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் சுரங்கம். முப்பது, நாற்பது கிலோமீட்டருக்குள் இத்தனை தரை.

ஈரக் கரிசலுக்குக் கட்டைகளுக்கு நடுவே அகலமான இடைவெளி வேண்டும். இடைவெளி குறுகலாக இருந்தால் சேறு அடைத்து, டயர் மொட்டை டயர் மாதிரி ஆகிவிடும். சுற்றும் வேகத்தில் சேறு தானே உதறிப் போகணும். குவாரிக் கல்லுக்கு இடைவெளி அவ்வளவு முக்கியம் இல்லை, பக்கச் சுவரின் வலுதான் முக்கியம். வாரம் ஆறு நாள் தார் ரோட்டில் காலேஜுக்கு வந்து, ஞாயிறு மட்டும் பச்சைமலை ஏறுகிறவருக்கு முழுச் சேற்று டயர் வேண்டாம். சத்தம் போடும், சீக்கிரம் தேயும், மழையில் தார் ரோட்டில் பிரேக் தூரம் கூடும். ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற ஆல் டெரெய்ன் டயர் போதும்.

அளவும் வீலும்

டயர் பக்கச் சுவரில் 215/75 ஆர்15 என்று இருந்தால், அகலம் 215 மி.மீ., பக்க உயரம் அதில் 75 சதவீதம், அதாவது சுமார் 161 மி.மீ., ரிம் 15 அங்குலம். மொத்த உயரம் 703 மி.மீ. சொச்சம். பார்க்கக் கெத்தா இருக்குன்னு 235/75 ஆர்15-க்குப் போனால் உயரம் 733 ஆகும். லாபம்: வண்டியின் வயிறு 15 மி.மீ. மேலே போகும். நஷ்டம்: மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் சுமார் 62.5-ல் போவீங்க, தரையில் கிடைக்கும் இழுவை 4 சதவீதம் குறையும், ஸ்டியரிங் முழுசாத் திருப்பினால் டயர் உள்ளே உரசலாம்.

பாஜா வண்டிக்குப் போடும் ஏ.டி.வி. டயரின் அளவு வேற மாதிரி. 23×7-10 என்றால் உயரம் 23 அங்குலம், அகலம் 7, ரிம் 10. அதை 21-ஆகக் குறைத்தால் இழுவை சுமார் 9 சதவீதம் கூடும், உச்ச வேகம் கிட்டத்தட்ட அதே அளவு குறையும்.  அதனால டயரை முடிவு பண்ணாம கியர் விகிதத்தை முடிவு பண்ணாதீங்க.

வீலுக்கு வருவோம். நட்டு வட்டத்தின் அளவான பி.சி.டி., நடு ஓட்டை, ஆஃப்செட் மூணும் ஒத்துப்போகணும். ஆஃப்செட் மாறி வீல் வெளியே தள்ளி நின்றால் பார்க்க நல்லா இருக்கும், வீல் பேரிங் சீக்கிரம் போகும். அலாய் பொதுவாக எடை குறைவு. ஆனால் கல்லில் பலமாக அடித்தால் விரிசல் விடலாம். இரும்பு டிஸ்க் நெளியும், கிராமத்துப் பட்டறையில் தட்டி நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். மணலில் காற்றைக் குறைத்தால் டயர் நீளமாகப் பரந்து பிடிக்கும். ரொம்பக் குறைத்தால் ரிம்மை விட்டுக் கழலும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி நிரப்பியே ஆகணும். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் என்ன ஆகும்னு மேலே படிச்சீங்களே, அதே சூடு.

கடைசி வருஷங்கள்

மம்மன் மாப்பிள்ளை டயரோடு நிற்கவில்லை. வேகப்பந்து வீச்சாளர்கள் இந்தியாவில் இல்லை என்று எல்லாரும் குறைபட்ட காலத்தில், 1987-ல் சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்து வீச்சுப் பள்ளி தொடங்கியது. கற்றுத்தர ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி வந்தார். இங்கேயும் அதே முறைதான்: கற்றுக்கொள்வது வெளியில் இருந்து, வளர்வது நம்ம ஆடுகளத்தில். மத்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 2003 மார்ச் 3-ல், எண்பது வயதில், சென்னையில் காலமானார். இருபது வருஷம் கழித்து, 2023-ல், அந்தக் கம்பெனியின் ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. இந்தியாவில் முதல்முறை.

பங்கு விலையை விட, 1961-ஐ அடுத்த அந்தச் சில வருஷங்கள்தான் நமக்குப் பாடம். பெரிய நாட்டு நுட்பம், பெரிய பெயர், கையெழுத்தான ஒப்பந்தம் எல்லாம் இருந்தும் டயர் ரோட்டில் தோற்றது. அதை ஏற்றுக்கொண்டு ரோட்டில் இருந்து ஆரம்பித்தவர் நின்றார்.

அதனால டீம் மீட்டிங்கில் டயர் பட்டியலைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தாளில் மூணு கணக்கு எழுதுங்க. வண்டி ஓடும் நூறு கிலோமீட்டரில் தார் எத்தனை, சேறு எத்தனை, கல் எத்தனை? டிரைவரோடு சேர்த்து ஒவ்வொரு சக்கரத்திலும் விழும் எடை எவ்வளவு? டயர் கிழிந்தால் மாற்று டயர் எத்தனை நாளில் கையில் கிடைக்கும்? இந்த மூணுக்கும் விடை எழுதிட்டா பட்டியலில் முக்கால்வாசி தானா அடிபட்டுப் போகும். மிச்சம் இருக்கிற ரெண்டு மூணில் எதை வாங்கினாலும் அது உங்க தரைக்கான டயராத்தான் இருக்கும்.